கிருஷ்ணகிரியில் வண்டி எடுத்து கடற்கரைச் சாலையில் ஒரு பகல்: போய்வரும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடல் பார்க்கக் கிளம்பும் குடும்பங்களில் பாதி, கடலை உச்சிவெயிலில்தான் பார்க்கிறது. காலை ஏழு மணிக்கு நிதானமாக வண்டி எடுத்து, வழியில் டிபன் சாப்பிட்டு, ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மணல் கொதிக்கும், பிள்ளைகள் அழும். மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிடலாமா என்ற பேச்சு வரும். தூரம் இங்கே பெரிய தடையில்லை. வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்து நேரத்தை அடுக்கினால் இந்தப் பயணம் அமையும், இல்லையென்றால் அமையாது.

கீழே சொல்வது மரக்காணத்தில் கடற்கரைச் சாலையில் ஏறி, வடக்கே மாமல்லபுரம் வரை போய், காஞ்சிபுரம், வேலூர் வழியாக ஊர் திரும்பும் சுற்று. கிருஷ்ணகிரியிலிருந்து மரக்காணம் சுமார் 210 கி.மீ. அங்கிருந்து மாமல்லபுரம் 60 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல். திரும்புவது சுமார் 260 கி.மீ. மொத்தம் 530 கி.மீ. வரும். சக்கரத்துக்குப் பின்னால் பத்து, பதினோரு மணி நேரம். ஒரே ஓட்டுநர் என்றால் இதை ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதல் நாள் மாலையே கிளம்பி திருவண்ணாமலையிலோ திண்டிவனத்திலோ தங்கிவிடுங்கள். இரண்டு பேர் மாற்றி ஓட்ட முடியுமென்றால் ஒரே நாள் போதும்.

எந்த நாள் போகலாம்

காலண்டரில் முதலில் பார்க்க வேண்டியது பௌர்ணமி. அன்று திருவண்ணாமலையில் கிரிவலக் கூட்டம். நகரத்தைச் சுற்றிய சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் என்றால் அந்தப் பக்கமே போகக் கூடாது. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அதைப் பார்க்கவே போகிறவர்களுக்கு அது நல்ல நாள். மற்றவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

ஞாயிறு வேண்டாம். சென்னைக்காரர்கள் மொத்தமாக மாமல்லபுரத்தில் இருப்பார்கள். சனிக்கிழமை பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் வரும் ஒரு வேலை நாள் என்றால் இன்னும் நல்லது.

மாதங்களில் ஜனவரியும் பிப்ரவரியும் முதல் தேர்வு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நம் பக்கம் தூறலாக இருக்கும்போதே அங்கே புயல் சின்னம் நிற்கலாம். கிளம்பும் முன் சென்னை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தால், நீங்களும் போக வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், விலை ஏறியிருக்கும். மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடலாம்.

ஏன் இந்தத் திசையில் சுற்ற வேண்டும்

கிருஷ்ணகிரி–திண்டிவனம் சாலையின் பெரும்பகுதியில் நடுத்தடுப்பு கிடையாது. எதிர் வண்டியின் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும். அதை விடியற்காலையில், தூங்கி எழுந்த கண்ணோடு கடப்பது மேல். நாள் முழுக்க வெயிலில் அலைந்த களைப்போடு இரவு பத்து மணிக்குக் கடப்பது ஆபத்து. அதனால் போகும்போது அந்த வழி, திரும்பும்போது நடுத்தடுப்புள்ள பெங்களூர் நெடுஞ்சாலை.

இதில் ஒரு குறை உண்டு. வடக்கே போகும்போது கடல் உங்களுக்கு வலப்பக்கம். ஆலம்பரைக் கோட்டைக்கோ முதலியார்குப்பம் படகுத்துறைக்கோ திரும்ப வேண்டுமென்றால் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். மாமல்லபுரம்–புதுச்சேரிக்கு இடையே சாலையை நான்கு வழியாக்கும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. நடுத்தடுப்பு வந்துவிட்ட இடங்களில் சற்றுத் தள்ளிப் போய், திருப்பத்தில் வளைந்து வர வேண்டும். வழிகாட்டிச் செயலி பழைய திருப்பத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.

முதல் நாள் மாலை வண்டியைப் பார்ப்பது

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், நிறைய ஆள் ஏறினால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் மூட்டையும் ஏறுகிற நாளில் அந்த அளவைத்தான் வைக்க வேண்டும். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள், யாரும் பார்ப்பதில்லை. கூலன்ட் அளவு குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். முன் கண்ணாடியை வெளியே மட்டும் துடைத்தால் போதாது. உள்பக்கத்தில் படிந்திருக்கும் மெல்லிய படலம் விடியற்காலைச் சூரியன் நேராக அடிக்கும்போது பால் மாதிரி வெளுத்து, எதிரே ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். செஞ்சியிலிருந்து மரக்காணம் வரை நீங்கள் கிழக்கு நோக்கித்தான் ஓட்டுகிறீர்கள்.

லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டிக்கு 33 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 3,300 ரூபாய். சிறிய கார்களின் தொட்டி 35, 37 லிட்டர்தான் கொள்ளும் என்பதால் கிருஷ்ணகிரியில் நிரப்பி, செங்கல்பட்டில் மறுபடி கொஞ்சம் போட்டுக்கொள்ளலாம். வரும் வழியில் சுங்கச்சாவடிகள் வரிசையாக உண்டு. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

பின்பெட்டியில் போட வேண்டியவை: 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பு, இழுகயிறு, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு பழைய பெட்ஷீட், காலைக் கழுவ 10 லிட்டர் கேன் தண்ணீர். குடிதண்ணீர் கோடையில் ஆளுக்கு 3 லிட்டர்.

கட்டுச்சோற்றில் புளிச்சோறுதான் நம்பகமானது. வறுத்த நிலக்கடலையை மட்டும் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய் சாப்பிடும்போது கலந்தால் நமுத்துப்போகாது. தயிர்ச்சோறு காருக்குள் பகல் ஒரு மணிக்குள் புளித்துவிடும். கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் சோற்றில் பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விடுங்கள். தேங்காய்ச் சட்னி எடுக்கவே கூடாது.

விடியும் முன்

கிருஷ்ணகிரியில் மூன்றரைக்கு வண்டி நகர வேண்டும். தருமபுரிக்காரர்கள் கிருஷ்ணகிரி வந்து சுற்ற வேண்டியதில்லை. அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலை போய்விடலாம். ஓசூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும். கடலில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கே கிளம்ப வேண்டும். அந்த ஆசையை ஒருநாள் பயணத்தில் விட்டுவிடுவதே நல்லது.

ஓட்டுபவர் முதல் நாள் இரவு எட்டரைக்குப் படுத்துவிட வேண்டும். மூட்டை கட்டுவது, பிள்ளைகளை எழுப்புவது எல்லாம் மற்றவர் வேலை. பின்னால் எல்லாரும் தூங்கட்டும், பக்கத்தில் உட்காருபவர் மட்டும் தூங்கக் கூடாது. மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று போகும் இந்த வழியில் கவனிக்க வேண்டியது கரும்பு ஏற்றிய டிராக்டர்களை. பின்விளக்கும் இருக்காது, ஒளிரும் பட்டையும் இருக்காது. முன்னால் இருட்டாக ஒரு சுவர் மாதிரி தெரிந்தால் அது டிரெய்லர். 70-க்கு மேல் ஓட்டினால் அதைப் பார்த்துப் பிரேக் பிடிக்க நேரம் கிடைக்காது.

ஐந்தே முக்காலுக்குத் திருவண்ணாமலை. ஊருக்குள் போகாமல் புறவழியில் சுற்றிக் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விடலாம். இங்கே டீ குடித்து ஓட்டுநர் மாறட்டும். ஆறரை வாக்கில் செஞ்சி. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை, சாலையிலிருந்தே தெரியும். அங்கேயும் ஒரு கிருஷ்ணகிரி உண்டு: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுற்றித்தான் கோட்டை. 'ஒரு அரை மணி நேரம் பார்த்துட்டுப் போலாமே' என்று வண்டிக்குள் ஒரு குரல் எழும். ராஜகிரி ஏறி இறங்கவே அரை நாள் ஆகும். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

டிபன் செஞ்சியிலோ திண்டிவனத்திலோ. கழிப்பறைக்கும் திண்டிவனம்தான் சரி. இதற்குப் பிறகு முதலியார்குப்பம் படகுத்துறை வரை நம்பிப் போகிற இடம் இல்லை. பெண்களும் முதியவர்களும் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

மரக்காணம்: எட்டு மணி

பிரம்மதேசம் தாண்டினால் காற்றில் உப்பு வாசம் வரும். தென்னையும் பனையும் விலகி, நிலம் தட்டையாக விரிந்து, கட்டம் கட்டமாகத் தண்ணீர் மின்னும். அவைதான் உப்பளங்கள். சங்கப் பாட்டில் எயிற்பட்டினம் என்று வரும் ஊர் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தப் பாட்டு ஏழு வள்ளல்களை அடுக்கும்போது, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நம் தகடூர் அதியமானையும் சேர்த்துத்தான் பாடுகிறது.

உப்பு விளைவதை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் கோடையில் வர வேண்டும், காலையில் வர வேண்டும். உப்பங்கழியின் உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விடுவார்கள். கடைசிப் பாத்தியில் படிகம் கட்டியதும் நீளக் கம்பு பூட்டிய பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். வெயில் தாங்காது என்பதால் தொழிலாளர்கள் இருட்டிலேயே வேலை தொடங்கி ஒன்பது, பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். எட்டு மணிக்குப் போனால் வேலையின் கடைசிப் பகுதி கிடைக்கும். பதினொரு மணிக்குப் போனால் வெறும் குவியல்தான் இருக்கும். மழைக்காலத்தில் அதுவும் இருக்காது, எல்லாம் ஏரி.

வரப்பில் கேட்காமல் ஏறாதீர்கள். களிமண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திய வரப்பு அது. செருப்புக்கால் பட்டு ஓரம் உடைந்தால் பல நாள் சுண்டவைத்த நீர் வெளியே போய்விடும். காலில் புண்ணோ கீறலோ இருந்தால் பாத்தியில் இறங்கக் கூடாது, எரிச்சல் நாள் முழுக்க நிற்கும். சாலையோரம் மூட்டையாகக் கல்லுப்பு விற்பார்கள். ஊறுகாய்க்கு என்று பலர் வாங்குகிறார்கள். அயோடின் சேர்க்காதது என்பதால் அன்றாடச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். வாங்கினால் பிளாஸ்டிக் டப்பில் வைத்து ஏற்றுங்கள். சாக்கிலிருந்து கசியும் உப்புநீர் பின்பெட்டித் தகட்டில் இறங்கினால் ஒரு வருடத்தில் துரு எட்டிப்பார்க்கும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்களிடம் பைனாகுலர் இருந்தால் பக்கத்திலுள்ள கழுவேலிக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர்ச் சதுப்பு நிலம். கோடையில் போனால் வெடித்த மண்தான்.

ஆலம்பரை

இந்தச் சுற்றில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. மரக்காணத்திலிருந்து வடக்கே கடப்பாக்கம். அங்கே வலப்பக்கம் திரும்பி ஊருக்குள் சுமார் மூன்று கி.மீ. போனால் செங்கல் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் நாணயச் சாலையோடு துறைமுகமாக இருந்த இடம். 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுக்கப்பட்டது, 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இடித்தது போக மிச்சம், 2004 சுனாமியில் அடி வாங்கியது போக மிச்சம், இப்போது நிற்பது.

கோட்டை நேராகக் கடலைப் பார்த்து இல்லை. முன்னால் உப்பங்கழி, அதற்கப்பால் மணல் திட்டு, அதற்கப்பால்தான் கடல். மீனவர்கள் படகில் திட்டுக்குக் கூட்டிப்போவார்கள். ஏறும் முன் மூன்று விஷயம் பேசி முடிக்க வேண்டும்: போகவும் வரவும் சேர்த்து எவ்வளவு, அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பார், எத்தனை பேர் ஏறுவார்கள். மிதவை உடுப்பு கொடுக்காத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். கழி அமைதியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீர் வேகமாக இழுக்கும், கடல்நீர் ஏறும், வற்றும் நேரத்தில் இன்னும் வேகம். மதில் மேல் ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். சுண்ணாம்புக் காரை அரித்துப்போய் செங்கற்கள் வெறுமனே அடுக்கினாற்போல் நிற்கின்றன.

நிழல், கடை, கழிப்பறை எதையும் இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஒன்பது மணி அளவில் போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிட்டால் சுகமான இடம். பன்னிரண்டு மணிக்கு அதே இடம் செங்கல் சூளை.

வண்டி மணலில் சிக்கினால்

இந்தப் பயணத்தில் நம் பக்கத்து ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டென்றால் அது இதுதான். தார் முடிந்த இடத்தில் நிறுத்தாமல், இன்னும் பத்தடி உள்ளே போனால் நிழல் என்று ஓட்டுவது. செம்மண் சேற்றில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டயர் அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடித்து வெளியே வந்துவிடும். நம் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. கடற்கரை மணலில் அடியே கிடையாது. அழுத்த அழுத்த டயர் தனக்குத்தானே குழி வெட்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகு நான்கு ஆள் தள்ளினாலும் நகராது.

சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழன்றதுமே காலை எடுங்கள். எல்லாரும் இறங்கட்டும். இழுக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வாரிச் சரிவாக ஆக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் இழுப்பது முன்சக்கரம். அந்த இரண்டு டயர்களிலும் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் சப்பையாகி மணலில் பரவலாக உட்காரும், பிடிப்பு கிடைக்கும். பெட்ஷீட்டையோ கால்மிதியையோ டயருக்கு அடியில் சொருகி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். தள்ளுகிறவர்கள் டயருக்கு நேராக நிற்கக் கூடாது, பெட்ஷீட் கல் மாதிரிப் பறந்து வரும். தாருக்கு வந்ததும் பம்பைப் போட்டுப் பழைய அளவுக்குக் காற்றடித்த பிறகுதான் ஓட்ட வேண்டும். காற்றில்லாத டயரில் 60-இல் போனால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும்.

முதலியார்குப்பமும் சதுரங்கப்பட்டினமும்

முதலியார்குப்பத்தில் ஒதியூர் கழிமேல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் ஒரு மணி நேரம். ஆலம்பரையில் படகு ஏறியிருந்தால் இங்கே கழிப்பறைக்கு நிறுத்திவிட்டுக் கிளம்பலாம்.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் ஆலம்பரையை விட ஒழுங்காக இருக்கும். உள்ளே உள்ள டச்சுக் கல்லறைகளின் பலகைக்கற்களைக் குனிந்து பாருங்கள். எழுத்தும் குலச்சின்னமும் இன்றைக்கும் கூர்மையாக இருக்கின்றன. அரை மணி நேரம் போதும். அணுமின் நிலையம் பக்கத்தில் என்பதால் அந்தத் திசையில் கேமராவைத் திருப்ப வேண்டாம். டிரோன் எடுத்துப்போகிறவர்கள் அதைப் பெட்டியை விட்டே எடுக்கக் கூடாது.

மாமல்லபுரத்தில் வெயிலைப் பார்த்து நடப்பது

ஒரு மணிக்குப் போய்ச் சேருவீர்கள். அப்போது எந்தச் சிற்பத்தையும் பார்க்காதீர்கள். சாப்பிட்டு, நிழலில் படுத்து, இரண்டரை வரை பொறுங்கள். மீன் சாப்பிடுவதென்றால் தட்டில் காட்டும் மீனை எடைபோடச் சொல்லி, சமைத்துத் தரும் கூலியும் சேர்த்து மொத்த விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். பில் வந்தபிறகு கேட்டுப் பயனில்லை.

சிற்பங்களுக்கு வரிசை உண்டு. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. மதியத்துக்குமேல் அதன் முகத்தில் நிழல் விழுந்துவிடும், நிற்பவருக்கும் இதம். அங்கே தொடங்குங்கள். யானைகளின் காலடியில் தபசு செய்வதுபோல் நிற்கும் பூனையையும் அதை நம்பி வரும் எலிகளையும் பிள்ளைகளைத் தேடச் சொன்னால் கால் மணி நேரம் சத்தமில்லாமல் போகும். பிறகு வெண்ணெய் உருண்டைப் பாறை. அதன் அடியில் சரிவு வழுக்கும், வயதானவர்கள் கீழேயே நிற்கட்டும். நாலு மணிக்கு ஐந்து ரதம். நான்கு ரதங்கள் மேற்கு பார்த்தவை, சாயும் வெயில் நேராக முகப்பில் விழும். ஒரே கல்லில் மேலிருந்து கீழாகக் குடைந்து வந்ததும், அடிப்பகுதி முடியாமலே நின்றுபோனதும் அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். கடைசியாகக் கடற்கரைக் கோயில், நாலே முக்காலிலிருந்து ஐந்தரை. அது காலை வெளிச்சத்துக்கான கோயில்தான், ஆனால் மாலைக் கடல்காற்று அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும்.

ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே சீட்டு, இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. அன்று முழுக்கச் செல்லும் என்பதால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரிசையில் நிற்காமல் செல்போனிலும் எடுக்கலாம். நான்கு இடத்துக்கும் வண்டியை நகர்த்தி நகர்த்தி நிறுத்த முயலாதீர்கள். ஒரே இடத்தில் போட்டுவிட்டு நடங்கள், முடியாதவர்களுக்கு ஆட்டோ.

பிள்ளைகளுக்குச் சிற்பத்தில் மனம் போகாது என்று தெரிந்தால், ரதத்தை விட்டுவிட்டு வடக்கே 14 கி.மீ.யில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய்வரலாம். 1976 முதல் இருக்கிறது. வார விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் வடக்கே போக வேண்டாம். கோவளம், முட்டுக்காடு பக்கமெல்லாம் சென்னை நெரிசல்தான், நீங்கள் திரும்ப வேண்டிய ஊரோ எதிர்த்திசையில்.

கடலில் கால் வைப்பது

கிணற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகிய கை நம்முடையது. கே.ஆர்.பி. அணையிலும் ஒகேனக்கல்லிலும் எங்கே பள்ளம், எங்கே சுழல் என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். கடல் அப்படியில்லை. நேற்று இருந்த பள்ளம் இன்று இடம் மாறியிருக்கும். கரைக்கு வந்த அலைநீர் எல்லாம் ஏதாவது ஒரு தாழ்வான ஓடை வழியாகத்தான் திரும்பிப் போகும். அந்த ஓடை மேலே பார்க்க அமைதியாக இருக்கும்: இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாக, நுரை கடலுக்குள் போவதாகத் தெரியும். இங்கே அலை இல்லை, பிள்ளைகளுக்குச் சரியான இடம் என்று நினைத்து இறங்குவது அங்கேதான்.

அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, எந்த நீச்சல்காரரும் ஐந்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார். அந்த இழுப்பு அகலம் குறைந்தது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகி, அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே தள்ளிவிடும். நீந்தத் தெரியாதவர் கையைத் தூக்கிக் காட்டி மிதக்கப் பார்க்க வேண்டும். காப்பாற்ற வெறுங்கையோடு குதிப்பவரும் சேர்ந்து போவதுதான் வழக்கம். கயிறு, காலி கேன், மிதவை எதையாவது எறியுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். புடவையோடும் வேட்டியோடும் இறங்கினால், நனைந்த துணி காலைக் கட்டும். மாமல்லபுரத்தில் கோயிலுக்கு இரண்டு பக்கமும் நீருக்கடியில் பாறைகள் உண்டு, அங்கே இறங்கவே கூடாது. கரையில் காயும் வலையை மிதித்து நடக்காதீர்கள், அது ஒருவர் பிழைப்பு.

திரும்புவது

ஐந்தரைக்கு வண்டியில் ஏறும் முன் எல்லாரும் கால் கழுவி, மணல் உதறி, துணி மாற்றட்டும். ஈரத்துணியோடு ஏ.சி. போட்டு ஐந்து மணி நேரம் வந்தால் பிள்ளைகள் குளிரில் நடுங்கிப்போகும்.

மீன் வாங்குவதென்றால் கடைசியாக இப்போதுதான். குடலும் செவுளும் எடுத்துச் சுத்தம் செய்து வாங்கி, மீன் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு, அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்காகத் தெர்மாகோல் பெட்டியில் அடைக்க வேண்டும். உருகும் தண்ணீரிலேயே மீன் ஊறக் கூடாது. ஆற்காடு பக்கம் நிறுத்தும்போது வடித்துவிடுங்கள். கருவாடு என்றால் செய்தித்தாளில் சுற்றி இரண்டு கவர் போட்டாலும் வாசம் வரும், அதற்கு வழியில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். முதல் முக்கால் மணி நேரம் சூரியன் நேரே கண்ணில். வாலாஜாபாத் வேறு, வாலாஜாபேட்டை வேறு: முதலாவது காஞ்சிபுரத்துக்கு முன்னால், இரண்டாவது ராணிப்பேட்டை பக்கத்தில். இருவரிடம் வழி கேட்டு இருவரும் 'வாலாஜா' என்று சொன்னால் எந்த வாலாஜா என்று கேளுங்கள். காஞ்சிபுரம் ஊருக்குள் நுழையாமல் வெள்ளைகேட் பக்கம் நெடுஞ்சாலையில் ஏறினால் அங்கிருந்து ஊர் வரை ஒரே கோடு. அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் சாலை திடீரென்று பக்கவாட்டுப் பாதைக்கு இறங்கும், இரவில் 60-க்கு மேல் வேண்டாம்.

வேலூர் எட்டே முக்கால், ஆம்பூர் ஒன்பதரை. அங்கே சீரகச் சம்பா பிரியாணியைத் தாண்டி வர யாராலும் முடியாது. மற்றவர்கள் சாப்பிடட்டும், ஓட்டப்போகிறவர் அரைத் தட்டோடு நிறுத்தி, டீ குடித்து, பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறட்டும். வாணியம்பாடி தாண்டி பர்கூர் வரைதான் தூக்கம் அமுக்கும். கண் எரிந்தால் சுங்கச்சாவடி ஓரத்தில் நிறுத்தி இருபது நிமிடம் படுப்பது வெட்கமான காரியமில்லை. பதினொன்றுக்குள் கிருஷ்ணகிரி.

மறுநாள் காலை வண்டியின் மேலே பார்த்துத் திருப்திப்படாமல், தூக்கி நிறுத்தி அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று பட்ட பிரேக் டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் துரு தெரியும். இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும், பயப்பட வேண்டாம். கால்மிதியை வெயிலில் போட்டு நன்றாகத் தட்டுங்கள். அப்படியும் அடுத்த ஆடி வரை சீட்டுக்கு அடியிலிருந்து மணல் வந்துகொண்டேதான் இருக்கும்.